வேலையோடு வெளிநாடு: கரிசல் பூமிக்குத் தொலைப்பணி விசா எட்டுமா?

விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரங்களை உள்ளடக்கிய கரிசல் நிலத்தில் உளுந்து, பாசிப்பயறு, கம்பு, மக்காச்சோளம், பருத்தி, மிளகாய், கொத்தமல்லி ஆகியவை பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியே மானாவாரியாக விளைவதால், மழை பொய்த்த ஆண்டுகளில் பிழைப்புத் தேடி வெளியேறுவது இப்பகுதியின் பொருளாதாரத்தோடு பிரிக்கமுடியாதபடி கலந்துவிட்டது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியாக ஆள் சேர்க்கப்பட்ட காலத்தில் அன்றைய திருநெல்வேலி மாவட்டமும் ஆள் அனுப்பிய பகுதிகளுள் ஒன்றாக இருந்தது. தூத்துக்குடி வழியாகச் சென்ற தொழிலாளர்கள் தட்டப்பாறை முகாமில் தங்கவைக்கப்பட்டு, நோய்த்தொற்று இல்லை என்று உறுதியான பிறகே கப்பலேற அனுமதிக்கப்பட்டனர். தோட்டங்களுக்குப் பின் வளைகுடா நாடுகளும், சிங்கப்பூர், மலேசியாவின் கட்டுமானத் தளங்களும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. இந்த எல்லாப் பயணங்களிலும் வரிசை ஒன்றாகவே இருந்தது: முதலில் ஆள் போக வேண்டும், வேலை போன இடத்தில் இருக்கும், கூலி அங்கிருந்து ஊருக்கு வரும்.

அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றியிருப்பது 2020க்குப் பின் உலகின் பல நாடுகள் வழங்கத் தொடங்கியிருக்கும் தொலைப்பணி விசா. டிஜிட்டல் நோமேட் விசா என்ற பெயரில் பரவலாக அறியப்படும் இதன்படி, ஒருவர் ஏற்கெனவே வேறொரு நாட்டு நிறுவனத்தில் பார்த்துவரும் வேலையைக் கணினியும் இணையமும் வழியாகத் தொடர்ந்துகொண்டே, தாம் விரும்பும் நாட்டில் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ சட்டப்படி வசிக்கலாம். தங்கும் நாடு அவருக்கு வேலை கொடுப்பதில்லை. அவர் கொண்டுவரும் வருமானத்தைத் தன் ஊர்களில் செலவிடச் செய்வதே அந்நாட்டின் நோக்கம். கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் பொறியியல் படித்து, சென்னை அல்லது பெங்களூரு நிறுவனங்களில் சேர்ந்து, பெருந்தொற்றுக் காலத்தில் சொந்த ஊரிலிருந்தே வேலை பார்த்துப் பழகிய தலைமுறைக்கு இந்த விசா கவர்ச்சியாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் அது யாருக்குப் பொருந்தும், என்ன கேட்கும், எதைத் தராது என்பவை தெளிவாகப் புரிந்துகொள்ளப்பட வேண்டியவை.

விசாவின் இயல்பு

ஒரு நாட்டுக்குள் நுழைய மற்ற நாட்டவருக்கு அளிக்கப்படும் அனுமதியே விசா. சுற்றுலா விசா ஊர் சுற்றிப்பார்க்கவும், வேலை விசா உள்ளூர் முதலாளி ஒருவரிடம் பணிபுரியவும் வழங்கப்படுகின்றன. ஓட்டல் அறையில் அமர்ந்து வெளிநாட்டு முதலாளிக்கு மடிக்கணினியில் வேலை பார்ப்பவர் இவ்விரண்டு வகைக்குள்ளும் அடங்காததால், அவருடைய நிலை நீண்ட காலம் சட்டத்தின் பார்வையில் தெளிவில்லாமலே இருந்தது. அந்த இடைவெளியை நிரப்ப, கரீபியக் கடல் தீவு நாடான பார்படோஸ் 2020 ஜூலையிலும், வடக்கு ஐரோப்பாவின் எஸ்டோனியா அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்றும் தனி விசாக்களை அறிமுகப்படுத்தின. பெருந்தொற்றால் சுற்றுலாப் பயணிகள் வராமல் போனதால் வருவாய் இழந்திருந்த பல நாடுகள் அதே வழியைப் பின்பற்றின. எஸ்டோனியா 2014 முதல் வழங்கிவரும் மின்-வதிவு அட்டையை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது இணையம் வழியே அந்நாட்டில் நிறுவனம் பதிவுசெய்ய உதவும் அடையாளமே தவிர, அங்கே சென்று வசிக்கும் உரிமையை அது தருவதில்லை.

நாட்டுக்கு நாடு விதிகள் மாறினாலும் அடிப்படை நிபந்தனைகள் ஏறக்குறைய ஒன்றே. விண்ணப்பிப்பவர் அந்நாட்டுக்கு வெளியே பதிவான நிறுவனத்தின் ஊழியராகவோ, வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குச் சேவை வழங்கும் ஃப்ரீலான்சராகவோ இருக்க வேண்டும். குறிப்பிட்ட அளவுக்குக் குறையாத வருமானத்தைக் காட்ட வேண்டும். மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். குற்றப் பின்னணி இல்லாதவராக இருக்க வேண்டும். உள்ளூரில் வேலைக்குச் சேர்வது பெரும்பாலான நாடுகளில் தடைசெய்யப்பட்டுள்ளது. ஸ்பெயினோ, ஃப்ரீலான்சரின் மொத்த வேலையில் 20 விழுக்காட்டுக்கு மிகாமல் ஸ்பானிய வாடிக்கையாளர்களுக்காக இருக்கலாம் என்று ஒரு சிறு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. வேலையில்லாத ஒருவர் இந்த விசாவைப் பெற்றுக்கொண்டு போய் அங்கே வேலை தேடலாம் என்று எண்ணுவது, விசாவின் அடிப்படையையே தவறாகப் புரிந்துகொள்வதாகும்.

எந்த நாடு, எவ்வளவு வருமானம்

தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்குத் தூரத்தாலும் செலவாலும் நெருக்கமான நாடுகளுள் ஒன்று மலேசியா. அந்நாட்டின் டிஜிட்டல் பொருளாதாரக் கழகம் 2022 அக்டோபரில் தொடங்கிய 'டி ரந்தாவ்' என்ற திட்டத்தின்கீழ் 3 முதல் 12 மாதங்கள் வரை தங்கலாம். அதன் பிறகு மேலும் 12 மாதங்களுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். மென்பொருள், இணையப் பாதுகாப்பு, டிஜிட்டல் மார்க்கெட்டிங் போன்ற துறையினர் ஆண்டுக்கு 24,000 அமெரிக்க டாலர், அதாவது 20 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல், வருமானம் காட்ட வேண்டும். 2024 முதல் பிற துறையினருக்கும் திறந்துவிடப்பட்டாலும் அவர்களுக்கான வரம்பு 60,000 டாலர். விண்ணப்பதாரருக்கு 1,000 ரிங்கிட்டும், உடன் வரும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் 500 ரிங்கிட்டும் கட்டணம். விண்ணப்பம் முழுவதும் இணையம் வழியிலேயே செய்யப்படுவதும், நேர வேறுபாடு இரண்டரை மணி மட்டுமே என்பதும், தமிழ் புழங்கும் நகரங்கள் இருப்பதும் மலேசியாவின் கூடுதல் வசதிகள்.

தாய்லாந்து வேறொரு வழியைத் தேர்ந்திருக்கிறது. 2024 ஜூலையில் அறிமுகமான அந்நாட்டின் டி.டி.வி. விசா 5 ஆண்டுகள் செல்லும். ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாட்கள் வரை தங்கலாம். இதற்கு மாத வருமான வரம்புக்குப் பதிலாக 5 லட்சம் பாட், அதாவது ஏறத்தாழ 13 லட்சம் ரூபாய், வங்கி இருப்பாகக் காட்டப்பட வேண்டும். விண்ணப்பதாரருக்கு 20 வயது நிறைந்திருக்க வேண்டும். சம்பளம் நடுத்தரமாக இருந்தும் சில ஆண்டுகளாகச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு இந்த விதி சாதகமானது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2020 இறுதியில் துபாய் தொடங்கிவைத்து, 2021இல் நாடு முழுமைக்கும் விரிந்த ஓராண்டுத் தொலைப்பணி விசாவுக்கு மாதம் 3,500 டாலர், ஏறத்தாழ 3 லட்சம் ரூபாய், வருமானம் காட்ட வேண்டும்.

ஐரோப்பிய நாடுகளில் வரம்பு பெரும்பாலும் உள்ளூர்க் குறைந்தபட்ச ஊதியத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகிறது. 2022 அக்டோபர் இறுதியில் தொடங்கிய போர்ச்சுகலின் டி-8 விசா, அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப்போல் நான்கு மடங்கு கேட்கிறது. 2025இல் அது மாதம் 3,480 யூரோ. ஸ்பெயின் 2022 டிசம்பரில் இயற்றிய புத்தொழில் சட்டத்தின்படி இரண்டு மடங்கு போதும்; 2025இன் ஊதிய அளவின்படி அது மாதம் 2,763 யூரோ. ஆனால் உடன் வரும் முதல் உறுப்பினருக்குக் குறைந்தபட்ச ஊதியத்தில் 75 விழுக்காடும், அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் 25 விழுக்காடும் கூட்டப்படுவதால், மனைவியும் ஒரு குழந்தையும் உடன் செல்லும் குடும்பத்துக்கு வரம்பு 4,144 யூரோவாகிவிடும். பட்டமோ மூன்றாண்டு அனுபவமோ இருக்க வேண்டும், அதே நிறுவனத்தில் குறைந்தது மூன்று மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும், அந்த நிறுவனம் ஓராண்டாவது இயங்கியிருக்க வேண்டும் என்பவை ஸ்பெயினின் கூடுதல் நிபந்தனைகள். எஸ்டோனியா தொடக்கத்தில் மாதம் 3,504 யூரோ கேட்டுப் பின்னர் 4,500 யூரோவாக உயர்த்திக்கொண்டது.

பணம் இருந்தாலும் பாஸ்போர்ட்டே தடையாகும் நாடுகளும் உண்டு. ஜப்பான் 2024 மார்ச் 31 முதல் ஆண்டுக்கு 1 கோடி யென் ஈட்டுவோர்க்கு ஆறு மாத விசா வழங்கினாலும், தன்னோடு வரி ஒப்பந்தமும் விசாவிலக்கு ஏற்பாடும் உள்ள நாடுகளின் குடிமக்களுக்கு மட்டுமே அதைத் திறந்திருக்கிறது. இந்தியா அந்த விசாவிலக்குப் பட்டியலில் இல்லாததால் இந்தியர் எவ்வளவு ஈட்டினாலும் விண்ணப்பிக்க இயலாது. ஆகவே வருமான வரம்பைப் பார்ப்பதற்கு முன் இந்தியக் குடிமக்கள் தகுதி பெறுகின்றனரா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

இந்த எண்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். டாலரிலும் யூரோவிலும் ஊதியம் பெறும் அமெரிக்க, ஐரோப்பிய ஊழியர்களை மனத்தில் வைத்தே இந்த வரம்புகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. இந்திய நிறுவனத்தில் ரூபாய்ச் சம்பளம் பெறுபவர், மாதம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய்க்கு மேல் ஈட்டினால்தான் மலேசியாவையும், 3 லட்சத்தைத் தொட்டால்தான் அமீரகத்தையும் எண்ணிப்பார்க்க முடியும். வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆன பட்டதாரிக்கு இவை எட்டாத் தொலைவு. பல ஆண்டு அனுபவமுள்ள மென்பொருள் பொறியாளருக்கும், வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் டாலரில் கட்டணம் பெறும் ஃப்ரீலான்சருக்கும் இவை எட்டக்கூடியவை.

பெயரும் ஆவணங்களும்

விண்ணப்பத்தின் கடினமான பகுதி படிவத்தை நிரப்புவதன்று. ஆவணங்கள் அனைத்தும் ஒரே ஆளைப் பற்றியவை என்று நிறுவுவதே. தமிழர் பெயரில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும் வழக்கத்தால், பள்ளிச் சான்றிதழில் இனிஷியலோடும், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரித்தும், சம்பளச் சீட்டில் வேறொரு வரிசையிலும், வங்கிக் கணக்கில் மீண்டும் இனிஷியலோடும் ஒரே மனிதர் நான்கு வடிவங்களில் பதிவாகியிருப்பது சாதாரணம். குடும்பப் பெயரையும் இயற்பெயரையும் தனித்தனிக் கட்டங்களில் கேட்டுப் பழகிய வெளிநாட்டு அதிகாரிக்கு இது நான்கு வெவ்வேறு நபர்களாகத் தோன்றலாம். பாஸ்போர்ட்டில் உள்ள வடிவத்தையே அளவுகோலாகக் கொண்டு, நிறுவனப் பதிவேட்டையும் வங்கிக் கணக்கையும் அதற்கேற்ப முன்கூட்டியே திருத்திக்கொள்வதும், திருத்த முடியாத பழைய சான்றிதழ்களுக்கு இரண்டு வடிவங்களும் ஒருவரையே குறிக்கின்றன என்ற உறுதிமொழிப் பத்திரத்தை இணைப்பதும் பின்னால் வரும் சிக்கலைத் தவிர்க்கும்.

இந்தக் கரிசல் வட்டாரங்கள் அடங்கிய தூத்துக்குடி மாவட்டத்தினருக்கான பாஸ்போர்ட் மதுரை மண்டல அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. திருநெல்வேலியில் பாஸ்போர்ட் சேவா மையம் உள்ளது. வாடகை வீட்டில் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு நிரந்தர முகவரியாக ஊரைக் கொடுத்திருப்பவர்கள், காவல்துறை விசாரணை எந்த முகவரியில் நடக்கும் என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை நிறுவாதவர்கள் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்காகச் செல்லும்போது குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலரின் அனுமதி பெற வேண்டும் என்பதையே அந்தக் குறிப்பு உணர்த்துகிறது. மலேசியாவும் தாய்லாந்தும் அமீரகமும் அந்தப் பட்டியலில் உள்ளவை. சிறுவயதில் எடுத்த பாஸ்போர்ட்டில் இக்குறிப்போடு இருக்கும் பட்டதாரி, சான்றிதழைக் காட்டிப் புதுப் பாஸ்போர்ட் பெற்று அதை நீக்கிக்கொள்ளலாம்.

பல நாடுகள் கேட்கும் காவல்துறை நற்சான்றும் பாஸ்போர்ட் சேவா வழியாகவே கிடைக்கிறது. அதன் செல்லுபடிக் காலத்தைச் சில மாதங்களுக்கே பல தூதரகங்கள் ஏற்பதால், மற்ற ஆவணங்கள் தயாரான பிறகு கடைசியில் அதற்கு விண்ணப்பிப்பது புத்திசாலித்தனம். முன்பு வளைகுடாவில் பணியாற்றித் திரும்பியவரிடம் அந்நாட்டுக் காவல்துறைச் சான்றும் கேட்கப்படலாம்.

பட்டச் சான்றிதழும் திருமணச் சான்றிதழும் வெளிநாட்டில் செல்லுபடியாக வேண்டுமானால் அவற்றுக்கு அப்போஸ்டில் என்ற முத்திரை தேவை. ஓர் ஆவணத்தில் உள்ள கையொப்பமும் முத்திரையும் உண்மையானவை என்று ஒரு நாட்டு அரசு அளிக்கும் உறுதியை மற்ற நாடுகள் மறுவிசாரணையின்றி ஏற்பதற்காக, ஹேக் நகரில் 1961இல் உருவான உடன்படிக்கையிலிருந்து வந்தது இந்த முறை. இந்தியாவில் அது 2005இல் நடைமுறைக்கு வந்தது. மாநில அரசின் சரிபார்ப்புக்குப் பிறகு வெளியுறவு அமைச்சகம் முத்திரையிடுகிறது. அமைச்சகம் ஆவணங்களைத் தன்னால் நியமிக்கப்பட்ட சேவை நிறுவனங்கள் வழியாகவே பெற்றுக்கொள்கிறது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் எஸ்டோனியாவும் இந்த முத்திரையை ஏற்கின்றன. உடன்படிக்கையில் சேராத அமீரகத்துக்கோ அமைச்சகச் சான்றுக்குப் பின் அந்நாட்டுத் தூதரகச் சான்றும் வேண்டும். திருமணத்தைப் பதிவுசெய்யாமலே விட்டிருக்கும் தம்பதியர் இங்கே தடுமாறுவார்கள். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 எல்லாத் திருமணங்களையும் பதிவுசெய்வதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கல்யாணப் பத்திரிகையும் புகைப்படமும் எந்தத் தூதரகத்திலும் சான்றாகா என்பதால், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுசெய்து பெறும் சான்றிதழே துணையின் விசாவுக்கு அடித்தளம்.

வருமானத்தை நிறுவும் முறை ஊழியருக்கும் ஃப்ரீலான்சருக்கும் வேறுபடும். ஊழியருக்குப் பணி ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், அவற்றோடு பொருந்தும் வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்குத் தாக்கலின் ஒப்புகை ஆகியவை போதும். ஃப்ரீலான்சர் வாடிக்கையாளர்களுடன் செய்துகொண்ட ஒப்பந்தங்களையும், விலைப்பட்டியல்களையும், வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததற்கான வங்கிச் சான்றையும் சேர்த்துக் காட்ட வேண்டியிருக்கும். மொத்த வரவில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டி வரி கட்டும் அனுமானத் திட்டத்தைப் பயன்படுத்தியவரின் கணக்குத் தாக்கலில் வருமானம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும் என்பதால், வரம்புக்கு மிக அருகில் இருப்பவர்கள் இதைப் பற்றித் தணிக்கையாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

நிறுவனத்தின் எழுத்துவழி அனுமதி

எல்லா ஆவணங்களிலும் கிடைப்பதற்கு அரியது, ஊழியர் வெளிநாட்டிலிருந்து வேலை பார்க்கச் சம்மதிக்கிறோம் என்று நிறுவனம் தரும் கடிதம். வீட்டிலிருந்து வேலை பார்க்கக் கிடைத்த அனுமதி, இந்தியாவுக்குள் எங்கிருந்தும் என்ற பொருளையே பெரும்பாலும் கொண்டது. ஊழியர் ஒருவர் வேறொரு நாட்டில் தொடர்ந்து இருந்து நிறுவனத்துக்காக ஒப்பந்தங்கள் முடிப்பாரானால், அந்நாட்டில் நிறுவனத்துக்கே ஒரு நிலையான வணிக இடம் இருப்பதாகக் கருதி அந்நாட்டு வரித்துறை நிறுவனத்தின் இலாபத்தில் பங்கு கேட்கக்கூடும். வாடிக்கையாளரின் தரவுகள் குறிப்பிட்ட நாட்டு எல்லையைத் தாண்டக் கூடாது என்ற ஒப்பந்தங்களும் வங்கி, மருத்துவத் துறைகளுக்கு மென்பொருள் செய்யும் நிறுவனங்களுக்கு உண்டு. ஆகவே நிறுவனம் மறுத்தால் அதற்குக் காரணம் மேலாளரின் பிடிவாதம் மட்டுமன்று. சமூகப் பாதுகாப்புச் சந்தா எந்த நாட்டில் கட்டப்பட வேண்டும் என்ற கேள்வியும் எழும். இந்தியாவோடு ஒப்பந்தம் செய்துள்ள போர்ச்சுகல் போன்ற நாடுகளுக்கு நிறுவனத்தின் பணியாக அனுப்பப்படும் ஊழியர், வருங்கால வைப்புநிதி அமைப்பின் சான்றிதழைக் காட்டி இரட்டைச் சந்தாவைத் தவிர்க்க வழியுண்டு.

வரி எங்கே, எவ்வளவு நாளுக்கு

விசா ஒரு நாட்டில் வசிக்கும் உரிமையைத் தருகிறது. வரி எங்கே கட்டுவது என்பதை முடிவுசெய்வது பெரும்பாலும் அங்கே தங்கிய நாட்களின் எண்ணிக்கை. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்திலும், 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்தைப் பெறும் 2025ஆம் ஆண்டின் சட்டத்திலும், ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தவர் வதிவாளர், அதாவது வரி நோக்கில் இந்தியாவில் வசிப்பவர். அவர் உலகின் எந்த மூலையில் ஈட்டிய வருமானத்துக்கும் இந்தியாவில் கணக்குக் காட்ட வேண்டும். இந்தக் கணக்கின்படி, வெளிநாட்டு வேலைக்கெனச் செப்டம்பர் இறுதிக்கு முன் புறப்பட்டு அந்த நிதியாண்டில் திரும்பாதவருக்கும், அக்டோபரில் புறப்படுபவருக்கும் அந்த ஆண்டின் வரிநிலை முற்றிலும் வேறாக அமையலாம்.

வதிவாளர் அல்லாதவராகிவிட்டால் இந்தியாவில் வரியே இல்லை என்று நினைப்பதும் தவறு. இந்திய வங்கிக் கணக்கில் நேரடியாக வந்து விழும் சம்பளம் இந்தியாவில் பெறப்பட்ட வருமானம் என்ற அடிப்படையில் இங்கே வரிக்கு உள்ளாகும். தங்கியிருக்கும் நாட்டிலும் அதற்கு வரி கட்டியிருந்தால், இரு நாடுகளுக்கிடையிலான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின்படி நிவாரணம் கோரலாம். மலேசியா, தாய்லாந்து, அமீரகம், ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகிய ஐந்துடனும் இந்தியாவுக்கு அத்தகைய ஒப்பந்தம் உண்டு. நிவாரணம் பெற, அந்நாட்டு வரித்துறை வழங்கும் வதிவுச் சான்றிதழ் வேண்டும். அமீரகத்தில் தனிநபர் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால், வேறெந்த நாட்டிலும் வரிக்கு உட்படாத இந்தியக் குடிமகனின் இந்திய வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால், அவரை வதிவாளராகவே கருதும் விதி 2020-21 நிதியாண்டு முதல் நடைமுறையில் உள்ளது.

தங்கும் நாட்டின் கணக்கும் இதே போன்றதுதான். மலேசியாவில் 182 நாட்களும், தாய்லாந்தில் 180 நாட்களும், ஸ்பெயினில் 183 நாட்களுக்கு மேலும் தங்குபவர் அந்தந்த நாட்டின் வரி வதிவாளராகிறார். ஸ்பெயின், தகுதிபெறும் தொலைப்பணி ஊழியர்களுக்கு 6 லட்சம் யூரோ வரையிலான ஊதியத்தின்மீது 24 விழுக்காடு என்ற நிலையான வரிவிகிதத்தைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பை அளிக்கிறது. நீண்ட காலம் வெளியே செல்பவர்கள் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி தங்கள் சாதாரணச் சேமிப்புக் கணக்கை, வதிவாளர் அல்லாதோருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. ஊரில் உள்ள புஞ்சையின் குத்தகைப் பணமும் வீட்டு வாடகையும் அதில்தான் வரவு வைக்கப்பட வேண்டும்.

குறுக்குவழிகளும் ஏஜென்ட்டுகளும்

2023 டிசம்பர் 1 முதல் மலேசியா இந்தியர்களுக்கு 30 நாள் விசாவில்லா நுழைவை அளித்துவருவதும், தாய்லாந்தும் அத்தகைய சலுகையை அறிவித்ததும், தனி விசா எதற்கு என்ற எண்ணத்தைத் தூண்டுகின்றன. சுற்றுலாவாக நுழைந்து வேலை பார்ப்பதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டன் 2024 ஜனவரி 31 முதல், பயணத்தின் முதன்மை நோக்கமாக இல்லாதவரை, வருகையாளர் தம் வெளிநாட்டு வேலையைத் தொலைவிலிருந்து பார்க்கலாம் என்று விதியிலேயே எழுதியது. நியூசிலாந்தும் 2025 ஜனவரி 27 முதல் வருகையாளர் விசாவில் இதை அனுமதித்தது. இப்படி வெளிப்படையாக அனுமதிக்காத நாட்டில், குடிநுழைவு அதிகாரி கேட்கும்போது வேலை பார்க்க வந்திருப்பதாகச் சொன்னால் திருப்பி அனுப்பப்படலாம். மறைத்துச் சொன்னால் பிற்கால விண்ணப்பங்கள் எல்லாவற்றிலும் அது கறையாக நிற்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, வேலையையும் விசாவையும் சேர்த்துத் தருவதாகச் சொல்பவர்களிடம் இருக்கிறது. தாய்லாந்தில் கணினித் துறை வேலை என்று நம்பவைக்கப்பட்ட இளைஞர்கள், தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் உட்பட, மியான்மரின் மியாவாடி பகுதிக்குக் கடத்தப்பட்டு இணைய மோசடி வேலைகளில் வலுக்கட்டாயமாக ஈடுபடுத்தப்பட்டது 2022இல் வெளிச்சத்துக்கு வந்தது. மீட்கப்பட்டவர்களில் ஒரு குழுவினர் அந்த ஆண்டு அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தனர். தொலைப்பணி விசாவுக்கு விண்ணப்பிப்பவர் ஏற்கெனவே வேலையில் இருப்பவர் என்பதால், அவருக்கு வேலை வாங்கித் தரும் ஏஜென்ட்டுக்கு இதில் இடமே இல்லை. வேலை தேடிச் செல்வோர், வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவுபெற்ற முகவரா என்று சரிபார்க்க வேண்டும். 1978இல் தமிழ்நாடு அரசு நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் அவர்களுக்கு உண்டு.

ஊரும் ஒரு தேர்வே

வெளிநாட்டில் வசிக்கும் செலவையும் கழித்துப் பார்த்தால், தொலைப்பணியின் பொருளாதாரப் பயன் கரிசல் பகுதியிலேயே மிகுதி என்பதையும் சொல்லியாக வேண்டும். தென்காசிக்கு அருகில் மத்தளம்பாறையில் சோஹோ மென்பொருள் நிறுவனம் நடத்திவரும் அலுவலகமும், தூத்துக்குடியில் 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட டைடல் நியோ தகவல் தொழில்நுட்பப் பூங்காவும், கணினி வேலை பெருநகரத்தை விட்டு வெளியே வர முடியும் என்பதற்குச் சான்றுகள். கோலாலம்பூரில் வீட்டு வாடகைக்கும் காப்பீட்டுக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் போகும் பணம், விளாத்திகுளத்தில் சேமிப்பாகவே நின்றுவிடும். உலகம் பார்க்கும் விருப்பம், புதிய தொடர்புகள், பிற்காலத்தில் நிரந்தர வதிவை நோக்கிய முதற்படி ஆகியவற்றுக்காகச் செல்பவருக்கு இந்த விசா பயனுள்ளது. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் சட்டப்படி தங்கிய காலம் நிரந்தர வதிவுக்குக் கணக்கில் சேரும் என்பது அவற்றின் சிறப்பு. பணம் சேர்ப்பதற்காக மட்டும் செல்பவருக்கு இதில் இலாபம் குறைவு.

ஆகவே விண்ணப்பிக்க நினைப்பவர் பின்பற்ற வேண்டிய வரிசை தெளிவானது: முதலில் நிறுவனத்தின் சம்மதத்தை எழுத்தில் பெறுவது, அடுத்து இந்தியக் குடிமக்களுக்குத் திறந்துள்ள நாடுகளில் தம் வருமானத்துக்கு எது பொருந்தும் என்று அந்நாட்டு அரசின் தளத்தில் அன்றைய விதியைப் படித்தறிவது, பிறகு வரி ஆலோசகரிடம் புறப்படும் மாதத்தை முடிவுசெய்வது, கடைசியாகவே சான்றிதழ்களுக்கும் கட்டணத்துக்கும் செலவிடுவது. நிறுவனத்தின் கடிதம் கைக்கு வராதவரை ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். வேலை கையில் இருப்பவருக்கே இந்த விசா. வேலை தேடுபவருக்கு இதை விற்பவர் எவராயினும் அவரை நம்பலாகாது.